பெயரும் நிலமும்: காட்டு வகைப்பாட்டு வரலாற்றில் தென்னிந்திய மலைப்புல்வெளிகள்

ஆய்வுச்சுருக்கம்

காட்டுத் தாவரங்களை வகைப்படுத்துவது நிலப்படம் வரைவதற்கும், காட்டுவள இருப்பைக் கணக்கிடுவதற்கும், நில மேலாண்மைத் திட்டம் தீட்டுவதற்கும் அடிப்படையாக அமைகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உயர்மேட்டுப் புல்வெளிகள் 19ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரை அரசு ஆவணங்களிலும் அறிவியல் வகைப்பாடுகளிலும் எவ்வகையாகப் பதிவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தரிசு, சீரழிவு நிலை, காடல்லாத பரப்பு என வேறுவேறு நோக்கங்களுக்காக இடப்பட்ட பெயர்கள் யாவும், இப்புல்வெளி தன்னளவில் ஒரு நிலவகை என்னும் உண்மையை மறைத்தன என்பதும், அம்மறைப்பு அயல்மரத் தோட்டங்களுக்கு வழிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: காட்டு வகைப்பாடு, சோலை, மலைப்புல்வெளி, திணை, சாம்பியன் – சேத், தாவர நிலப்படம், நீலகிரி.

முன்னுரை

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சரிவுகளில் உள்ள புல்வெளிகளில் வளரும் புதர்ச்செடி. அடர்ந்த சோலையின் நிழலுக்குள் அன்றி, திறந்த புல்நிலத்திலேயே அது மலைச்சரிவை நிறைத்துப் பூக்கிறது. தமிழ் இலக்கணம் மலைநிலத்துக்கு இட்ட பெயர் இச்செடியினத்தின் பெயரே. ஆயினும், இந்திய வனத்துறைகள் இன்றும் பின்பற்றும் காட்டு வகைப்பாட்டில் அச்செடி வளரும் புல்வெளிக்குத் தனி இடம் இல்லை. சோலைக்காடு கெட்டுப்போனதால் தோன்றிய சீரழிவு நிலை என்ற தலைப்பின்கீழ் ஓர் உட்பிரிவாகவே அது குறிக்கப்படுகிறது.

வகைப்பாடு என்பது பெயரிடும் செயல் மட்டுமன்று. காட்டிலாகா ஒரு நிலத்தை எந்த வகையில் அடக்குகிறதோ, அந்த வகைக்குரிய நடவடிக்கையே அந்நிலத்தின்மேல் நிகழ்கிறது. பசுமைமாறாக் காடு எனக் குறிக்கப்பட்ட நிலம் காக்கப்படுகிறது. இலையுதிர் காடு எனக் குறிக்கப்பட்டது சுழற்சி முறையில் வெட்டப்படுகிறது. சீரழிந்தது எனக் குறிக்கப்பட்டது நடவுக்கு உரியதாகிறது. எனவே, ஒரு வகைப்பாட்டின் வரலாற்றை அறிவியல் கருத்துகளின் வரலாறாக மட்டும் காணாமல், நிலத்தின் வரலாறாகவும் காண வேண்டியுள்ளது. அந்நோக்கிலேயே இக்கட்டுரை மலைப்புல்வெளியின் வகைப்பாட்டை நோக்குகிறது.

திணைப் பகுப்பும் பாலையும்

தமிழில் நிலப்பகுப்பைப் பேசத் தொடங்குவோர் திணையை நினைப்பது இயல்பு. தொல்காப்பியம் காடு, மலை, வயல், கடல் சார்ந்த நால்வகை நிலங்களை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய கருப்பொருள்களுள் மரத்தையும் விலங்கையும் புள்ளையும் சேர்க்கிறது. திணை இலக்கிய மரபுக்காக எழுந்த பகுப்பு. அதனைத் தாவரவியல் வகைப்பாடாகக் கொள்வது பொருந்தாது. எனினும், நம் ஆய்வுக்குத் துணைசெய்யும் ஒரு நுட்பம் அதில் உள்ளது.

பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. பொழுதை மட்டுமே உரிமையாக்குகிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஆக, நிலையான நிலவகை ஒன்று, அந்நிலவகை திரிந்த நிலை மற்றொன்று என்ற இருவேறு கருத்துகளைத் திணை மரபு பிரித்தறிந்திருந்தது. ஒரு நிலம் தன் இயல்பால் அவ்வாறு உள்ளதா, வேறொன்றாக இருந்து திரிந்ததா என்ற இவ்வினாவே 20ஆம் நூற்றாண்டின் காட்டு வகைப்பாட்டில் நடுவான வினாவாயிற்று. மலைப்புல்வெளி குறிஞ்சியா, குறிஞ்சி திரிந்த பாலையா என்று அவ்வினாவை நம் சொற்களில் அமைத்துக்கொள்ளலாம்.

வருவாய்ப் பதிவேட்டில் காடும் தரிசும்

சென்னை மாகாணத்தில் காட்டு நிருவாகம் 1856இல் ஹியூ கிளெக்கார்ன் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பட்டதுடன் முறையாகத் தொடங்கியது. மருத்துவரும் தாவரவியலாளருமான அவர் 1861இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூல், அக்காலக் காடுகளின் நிலையை அறிய உதவும் முதன்மையான ஆவணம். அக்காலத்தில் காடு என்பது முதன்மையாக மரக்கட்டையின் இருப்பிடம். தேக்கு, ஈட்டி, வேங்கை முதலான மதிப்புமிக்க மரங்கள் எங்கு உள்ளன, எவ்வளவு எடுக்கலாம் என்பதே கணக்கெடுப்பின் நோக்கம்.

1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற டயட்ரிச் பிராண்டிஸ், காடுகளின் பரவலை மழையளவோடு தொடர்புபடுத்தி விளக்கினார். காட்டை மரங்களின் பட்டியலாகக் காணும் பார்வையிலிருந்து தட்பவெப்பத்தின் விளைவாகக் காணும் பார்வைக்கு இது வழிவகுத்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒதுக்குக் காடுகள் அறிவிக்கப்பட்டன. ஆனால், ஒதுக்குக் காடு என்பது சட்டவகை, தாவரவகை அன்று. மரமே இல்லாத புல்வெளியும் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்படலாம்; அடர்ந்த காடும் தனியார் நிலமாக இருக்கலாம். இச்சட்டவகையும் தாவரவகையும் ஒன்றோடொன்று கலந்து பொருள்கொள்ளப்பட்டமை பிற்காலக் குழப்பங்கள் பலவற்றுக்கு மூலமாயிற்று.

வருவாய்த் துறையின் பார்வை வேறு. தீர்வை செலுத்தும் சாகுபடி நிலம் ஒருபுறம், புறம்போக்கும் தரிசும் மறுபுறம் என நிலத்தைப் பகுப்பது அதன் மரபு. நீலகிரி மேட்டின் புல்வெளி தோடர்களின் மந்துகளைச் சூழ்ந்த எருமை மேய்ச்சல் நிலம். அவர்தம் வாழ்விலும் வழிபாட்டிலும் அதற்கு நடுவான இடமுண்டு. ஆயினும், உழவு இல்லாத, மரம் இல்லாத, வரி தராத நிலம் என்ற அளவில் அது காலனிய அலுவலர்களின் கண்ணுக்குப் பயன்படாமல் கிடக்கும் நிலமாகவே பட்டது. 1840களில் ஆஸ்திரேலியாவின் தைல மரமும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் நீலகிரிக்கு வந்தன. உதகை, குன்னூர், வெலிங்டன் ஆகிய குடியிருப்புகளின் விறகுத் தேவைக்காக அவை நடப்பட்டன. அத்தோட்டங்களுக்குத் தரிசாகக் கருதப்பட்ட புல்வெளி எளிதில் கிடைத்தது.

சாம்பியன் வகைப்பாடு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரச் சூழலியல் இருபெருங் கருத்துகளை அளித்தது. ஒன்று, ஷிம்பர் 1898இல் வெளியிட்ட தாவரப் புவியியல் நூலில் வகுத்த வெப்பமண்டலக் காட்டுப் பகுப்பு: மழைக்காடு, பருவமழைக்காடு, சவன்னாக் காடு, முட்காடு. மற்றொன்று, 1916இல் கிளெமென்ட்ஸ் முன்வைத்த தாவர வழிமுறை வளர்ச்சிக் கோட்பாடு. ஒரு வட்டாரத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஒரே உச்ச சமுதாயம் உண்டு. பிறவெல்லாம் அதனை நோக்கி வளரும் இடைநிலைகள் அல்லது அதிலிருந்து தாழ்ந்த நிலைகள் என்பது அக்கோட்பாட்டின் சாரம்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எச்.ஜி. சாம்பியன், இவ்விரு கருத்துகளையும் இணைத்து இந்தியா, பர்மா ஆகியவற்றின் காட்டு வகைகள் குறித்த முதனிலை ஆய்வை 1936இல் வெளியிட்டார். மாகாணந்தோறும் வெவ்வேறு பெயர்களால் குறிக்கப்பட்ட காடுகளை ஒரே சட்டகத்துள் கொணர்ந்தது அதன் அருஞ்செயல். பின்னர் சாம்பியனும் எஸ்.கே. சேத்தும் இணைந்து திருத்திய பதிப்பு 1968இல் வெளிவந்தது. அதில் இந்தியக் காடுகள் 16 வகைத் தொகுதிகளாகவும், அவற்றின்கீழ் 200க்கும் மேற்பட்ட வகைகளாகவும் பகுக்கப்பட்டன. வெப்பமண்டல ஈரப் பசுமைமாறாக் காடு முதல் தொகுதி. உலர் ஆல்பைன் புதர்க்காடு பதினாறாம் தொகுதி. தமிழகத்தின் முட்காடு 6ஆம் தொகுதியிலும், சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு 7ஆம் தொகுதியிலும் அடங்குகின்றன.

இவ்வகைப்பாட்டின் குறியீட்டு முறை கருதத்தக்கது. தொகுதி எண்ணைத் தொடரும் எழுத்துகள் அந்தத் தாவரக்கூட்டம் வளர்ச்சிப் படிநிலையில் எங்கு நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. சி என்பது தட்பவெப்ப உச்ச சமுதாயம். இ என்பது மண்ணின் தன்மையால் அமைந்த வகை. எஸ் என்பது வளர்ச்சி இடைநிலை. டிஎஸ் என்பது சீரழிவு நிலை. அதன்படி, தென்னிந்திய மலை ஈர மிதவெப்பக் காடாகிய சோலையின் குறியீடு 11ஏ/சி1. சோலையை அடுத்துள்ள புல்வெளியின் குறியீடு 11ஏ/சி1/டிஎஸ்2. ஆக, புல்வெளியின் பெயர் சோலையின் பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. புல்வெளி எதுவாக இருக்கிறது என்பதை இக்குறியீடு கூறவில்லை. அது எதிலிருந்து தாழ்ந்தது என்பதையே கூறுகிறது. திணை மொழியில் சொன்னால், ஆங்கிலத்துக்குச் சென்று கலைச்சொல்லாகிவிட்ட தமிழ்ச் சொல்லான சோலை குறிஞ்சியாகவும், புல்வெளி திரிந்த பாலையாகவும் இங்கே பதிவாயின.

1938ஆம் ஆண்டு விவாதம்

இம்முடிவு மாற்றுக் கருத்து இன்றி எட்டப்பட்டதன்று. திருத்திய பதிப்புக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1938இல், இந்தியன் பாரஸ்டர் இதழில் இப்பொருள் குறித்து இரு கட்டுரைகள் வெளிவந்தன.

சி.ஆர். ரங்கநாதன் எழுதிய கட்டுரை நீலகிரி மேட்டின் சோலையையும் புல்வெளியையும் சூழலியல் நோக்கில் ஆராய்ந்தது. சோலை, புல்வெளி ஆகிய இரண்டுமே உச்ச சமுதாயங்கள் என்பது அவர் கருத்து. குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி படிகிறது. சோலையின் விதானத்துக்குள் அது படிவதில்லை. சோலை மரங்களின் நாற்றுகள் திறந்த வெளியில் முளைத்தாலும் உறைபனியால் மடிகின்றன. எனவே, சோலை தன் எல்லைக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. புல்வெளிக்குள் அதனால் பரவ இயலவில்லை. புல்வெளியும் தன் எல்லையில் நிலைபெறுகிறது.

அதே ஆண்டில் அதே இதழில் எழுதிய என்.எல். போர் இதனை ஏற்கவில்லை. தீயும் மேய்ச்சலுமே புல்வெளியை நிலைநிறுத்துகின்றன. ஆகவே அது மனிதச் செயலின் விளைவு என்பது அவர் தரப்பு. போர் புல்லினங்களில் ஆழ்ந்த புலமை உடையவர். அவர் தரப்பிலும் பொருளுண்டு. தோடர் கோடையில் புல்வெளிக்குத் தீயிடுவதும், எருமை மேய்ப்பதும் கண்கூடு. அயல்மரங்கள் இப்புல்வெளிகளில் செழித்து வளர்ந்தமை, மரம் வளரவே இயலாத நிலம் இது என்ற எளிய வாதத்தையும் மறுத்தது. பின்னர் 1965இல் வி.எம். மெஹர்-ஹோம்ஜி, சோலை மரங்களுள் பெரும்பாலானவை வெப்பமண்டல வழிவந்தவை, உறைபனியைத் தாங்காதவை என்ற தாவரப் புவியியல் சான்றைக் கொண்டு புல்வெளியின் தகுதியை மறுபடியும் ஆராய்ந்தார்.

இவ்வாறு விவாதம் தீராத நிலையிலேயே 1968ஆம் ஆண்டு வகைப்பாடு ஒரு தரப்பைக் குறியீடாக்கியது. கட்டுரையில் இருக்கும் கருத்தை ஐயுறலாம், மறுக்கலாம். குறியீடாகிவிட்ட கருத்து அவ்வாறு ஐயத்துக்கு உள்ளாவதில்லை. நிலப்படத்திலும் அட்டவணையிலும் அது தரவாகவே வழங்குகிறது.

குறியீடு திட்டமாதல்

காட்டு மேலாண்மையின் அடிப்படை ஆவணம் செயல்திட்டம். ஒவ்வொரு வனக்கோட்டமும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் காடுகளை அளந்து, மர இருப்பைக் கணக்கிட்டு, நிலப்படத்தில் குறித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பணியை வகுத்து இத்திட்டத்தைத் தீட்டுகிறது. அதில் காட்டின் தாவர அமைப்பைக் கூறும் இயல் சாம்பியன் – சேத் வகைப்பாட்டைத் தழுவி எழுதப்படுகிறது. அந்த இயலில் சீரழிவு நிலை என இடம்பெறும் பரப்பு, அடுத்த இயல்களில் நடவுக்கு உரிய பரப்பாக மாறுவதற்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படுவதில்லை. சீரழிந்ததைச் சீராக்க வேண்டும் என்ற நியாயம் பெயரிலேயே அமைந்துவிடுகிறது.

விடுதலைக்குப் பிந்திய ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்நடவு பேரளவில் நிகழ்ந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், செயற்கை இழை ஆலைகளின் கூழுக்காகத் தைல மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. தொழில் தேவையே இதற்கு முதன்மைக் காரணம். வகைப்பாடு மட்டும் இதனை விளைத்தது எனல் மிகை. எனினும், எந்நிலத்தில் நடுவது என்ற தெரிவு எழுந்தபோது சோலை பெரும்பாலும் தப்பியதும் புல்வெளி தப்பாததும் தற்செயல் அல்ல. காடு எனப் பெயர்பெற்றதற்கு ஒரு காப்பு இருந்தது. சீரழிவு எனப் பெயர்பெற்றதற்கு அது இல்லை.

விளைவைப் பிற்கால அளவீடுகள் காட்டுகின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, நான்கு பத்தாண்டுகளில் அங்குள்ள மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதென மதிப்பிட்டது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதற்குக் காரணங்கள். சீகை நட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதன் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, தீக்குப் பின்னும் வெட்டுக்குப் பின்னும் முளைத்துப் பரவுகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் மேய்ச்சல் நிலமும், நீலக்குறிஞ்சியின் வளரிடமும் இப்புல்வெளிகளே.

புதுச்சேரி நிலப்படங்கள்

காட்டை வேறு முறையில் வகைப்படுத்த இயலும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், துலூஸ் நகரத் தாவரவியலாளர் ஆன்றி கோசனின் வழிகாட்டலில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து 1:10,00,000 அளவிலான தாவர நிலப்படங்களை வரைந்தது. அவ்வரிசையில் கன்னியாகுமரித் தாள் 1961இல் வெளிவந்தது.

கோசனின் முறையில் தட்பவெப்பம் ஆண்டின் மொத்த மழையால் மட்டும் அளக்கப்படுவதில்லை. ஒரு மாதத்தின் மழை, மில்லிமீட்டரில், அம்மாதச் சராசரி வெப்பநிலையின் இருமடங்குக்குக் குறைந்தால் அது உலர்மாதம். உலர்மாதங்களின் எண்ணிக்கையே தாவரத்தின் எல்லையை உறுதிசெய்கிறது. இக்கூறுகள் நிலப்படத்தில் வண்ணங்களாகின்றன; ஈரம் நீலத்தாலும் வறட்சி செம்மஞ்சளாலும் உணர்த்தப்படுகின்றன. பின்னர் ஜான்-பியர் பஸ்கல் 1980களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 1:2,50,000 அளவிலான காட்டு நிலப்படங்களைத் தொடங்கினார். அவற்றில் பசுமைமாறாக் காடுகள், உயரத்தாலும் உலர்காலத்தின் நீளத்தாலும் வேறுபடும் இனச்சேர்க்கையைக் கொண்டு பெயரிடப்பட்டன. வெடிப்பலா, நாங்கு, பாலி ஆகிய மரங்களின் பெயரால் அமைந்த வகை அவற்றுள் ஒன்று.

இருமுறைகளுக்கும் இடையிலான வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. சாம்பியன் வகைப்பாடு தோற்றத்தையும் படிநிலையையும் முதன்மையாக்கி நாடு முழுவதற்கும் ஒரு சட்டகம் தந்தது. பஸ்கலின் நிலப்படம் ஓரிடத்தில் உண்மையில் எவ்வினங்கள் சேர்ந்து வாழ்கின்றன என்பதைப் பதிவு செய்தது. பெரும்பரப்பை ஒப்பிட முன்னது உதவும். குறிப்பிட்ட ஒரு மலையில் எதைக் காப்பது எனத் தீர்மானிக்கப் பின்னது தேவை.

சதுப்பின் சான்று

புல்வெளியின் தொன்மை குறித்த விவாதத்துக்கு 1993இல் நேச்சர் இதழில் ஆர். சுகுமாரும் அவர்தம் ஆய்வுக்குழுவினரும் வெளியிட்ட கட்டுரை புதிய சான்றளித்தது. நீலகிரியின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவர எச்சங்கள் படிந்துள்ளன. மரங்களும் பெரும்பாலான செடிகளும் ஒருவகை ஒளிச்சேர்க்கையையும், வெப்பமண்டலப் புற்களுட் பல மற்றொரு வகையையும் மேற்கொள்கின்றன. இவ்வேறுபாடு அவற்றின் எச்சங்களில் உள்ள கார்பன் ஓரிடத்தான்களின் விகிதத்தில் பதிவாகிறது. அவ்விகிதத்தை அளந்தபோது, கடந்த 20,000 ஆண்டுகளில் ஈரக்காலங்களும் உலர்காலங்களும் மாறிமாறி வந்தமையும், கடைசிப் பனியூழியின் உலர்காலத்தில் புற்கள் மேலோங்கியிருந்தமையும் புலப்பட்டன.

இப்பனியூழி, நீலகிரி மேட்டில் மேய்ச்சல் நிகழ்ந்ததற்குச் சான்று உள்ள காலத்துக்கு மிக முந்தியது. ஆகவே, மக்கள் சோலையை அழித்ததால்தான் புல்வெளி தோன்றியது என்ற கருத்து நிற்கவில்லை. அதேவேளை, ஒரே நிலையில் என்றும் உறைந்திருந்த புல்வெளி என்ற எண்ணத்துக்கும் இச்சான்று இடந்தரவில்லை. காலநிலைக்கேற்பச் சோலையும் புல்வெளியும் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன. தோடரின் தீயும் மேய்ச்சலும் பழைய புல்வெளியைப் பேணிய செயல்களாக இருந்திருக்கலாம்.

விதானக் கணக்கு

குறியீட்டுப் பட்டியலில் தாழ்ந்த இடம் பெற்ற புல்வெளி, தொலையுணர்வுக் காலத்தில் முற்றிலும் காணாமற்போயிற்று. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 1987 முதல் வெளியிடும் நாட்டு வனநிலை அறிக்கைகள் காட்டு மூடலை மர விதானத்தின் அடர்த்தியால் அளக்கின்றன. இன்றைய வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத, விதானம் 10 விழுக்காட்டுக்குக் குறையாத பரப்பு எதுவும் காட்டு மூடல். விதானம் 70 விழுக்காடும் அதற்கு மேலும் ஆயின் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு. 10 முதல் 40 வரை திறந்த காடு. மரம் எவ்வினம், நிலம் யாருடையது என்பன இதில் கருதப்படுவதில்லை.

இவ்வரையறையால், புல்வெளியை விழுங்கிப் பரவிய சீகைத் தோப்பு காட்டு மூடலாகக் கணக்கில் ஏறுகிறது. அதன் அருகே எஞ்சியுள்ள இயற்கைப் புல்வெளி காடல்லாத பரப்பில் சேர்கிறது. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்டால் அம்மாவட்டத்தின் காட்டு மூடல் குறைந்ததாக அறிக்கை காட்டும். இந்நிறுவனமே சாம்பியன் – சேத் வகைப்பாட்டைத் தழுவி 1:50,000 அளவில் காட்டுவகை நிலப்படத் தொகுப்பையும் 2011இல் வெளியிட்டது. ஆயினும் பொதுவிவாதத்தில் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் விதான விழுக்காடே.

சட்டத்துறையில் நிலை சற்று வேறு. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் தொடர்பாக எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, அகராதிப் பொருளில் காடாவதையும், அரசு ஆவணத்தில் காடு எனப் பதிவான எந்நிலத்தையும் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் கொணர்ந்தது. ஒதுக்குக் காட்டின் எல்லைக்குள் உள்ள புல்வெளிக்கு இதனால் காப்பு கிட்டியது. வருவாய் நிலமாக எஞ்சிய புல்வெளிக்கு அகராதிப் பொருளால் பயனில்லை.

நிறைவுரை

மலைப்புல்வெளி வருவாய்ப் பார்வையில் தரிசாகவும், 1968ஆம் ஆண்டு வகைப்பாட்டில் சீரழிவு நிலையாகவும், விதானக் கணக்கில் காடல்லாத பரப்பாகவும் பதிவாயிற்று. வரியும் மரக்கட்டையும் விதானமும் வெவ்வேறு அளவுகோல்கள். எனினும், மூன்றுமே புல்வெளியை அதில் இல்லாத ஒன்றைக்கொண்டு அளந்தன என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபு.

இதன் நடைமுறைப் பொருள் இன்று பெரிது. தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டுள்ளது. அதனைச் செயற்படுத்த, சீகைத் தோப்பு என ஒரே பெயரில் குறிக்கப்படும் பரப்பைப் பிரித்தறிய வேண்டும். சில தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமே முளைத்து வருகின்றன. அங்கே சீகையை முற்றாக வெட்டுவது வளரும் சோலையை அழிப்பதாகும். சில இடங்களில் சீகை புல்வெளியின் விளிம்பில் அண்மையில் பரவியுள்ளது. அங்கே காலந்தாழ்த்தாமல் அகற்றினால் புல்வெளி மீளும். எஞ்சிய தூய புல்வெளிகள் சிலவற்றில் எதுவும் நடாமல் காப்பதே செய்ய வேண்டியது. இம்மூன்றையும் வேறுபடுத்தாத நிலப்படத்தைக் கொண்டு தீட்டும் திட்டம் முந்தைய பிழையை வேறு திசையில் மறுபடியும் செய்யும்.

எனவே, அடுத்த திருத்தத்தில் மலைப்புல்வெளிக்குச் சோலையின் உட்குறியீடாக அன்றித் தனிவகையாக இடமளிக்க வேண்டும். செயல்திட்டங்களில் அதன் பரப்பு தனியே அளக்கப்பட வேண்டும். காட்டு மூடல் அறிக்கைகளில் இயற்கைக் காடும் நடவுத் தோப்பும் பிரித்துக் காட்டப்பட வேண்டும். தோடர், கோத்தர், படகர் முதலான மலைமக்களின் மொழிகளில் புல்வெளியின் வகைகளுக்கும் பருவநிலைகளுக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுப்பது தமிழாய்வாளரும் திராவிட மொழியியலாளரும் இதற்கு ஆற்றக்கூடிய பணி. அந்நிலத்தில் வாழ்ந்தோர் அதனை எவ்வாறு பகுத்தறிந்தனர் என்பது வகைப்பாட்டு வரலாற்றில் இன்னும் எழுதப்பட வேண்டிய இயல்.